கிட்டங்கிக் கணக்கு: தமிழில் ஒரு திகில் புதிர் விளையாட்டு செய்ய முழுமையான வழிகாட்டி

திகில் புதிர் விளையாட்டில் இரண்டு வேலைகள் ஒன்றையொன்று கெடுக்கும். பயந்துபோனவருக்கு மூளை ஓடாது. மூளை ஓடத் தொடங்கினால் பயம் போய்விடும். பூட்டின் முன் பத்து நிமிடம் நின்று எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பவருக்கு அந்த அறையில் ஏதோ இருக்கிறது என்பதே மறந்துபோகும். எரிச்சல்தான் மிஞ்சும். ஆகவே புதிர் ஓடிக்கொண்டிருக்கும்போது பயமுறுத்தாதீர்கள். தீர்த்து முடித்த கணத்தில் விடையே பயமுறுத்தட்டும். கீழே வரும் எல்லா முடிவுகளும் இந்த ஒரு விதியிலிருந்து வந்தவை.

மாதிரிக்கு ஒரு சின்ன விளையாட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்துக்குள் முடிவது. நான்கு அறை, நான்கு புதிர். ஒருவரோ இருவரோ செய்து முடிக்கக்கூடியது. களம் மலேசியாவின் பினாங்கு, ஜார்ஜ்டவுனில் லெபோ பினாங் தெருப் பக்கத்துப் பழைய கிட்டங்கி ஒன்று. நகரத்தார் வட்டிக்கடைகள் பல ஒரே கூடத்தில் இயங்கிய இடம் அது. ஒவ்வொரு கடைக்கும் தரையில் கொஞ்சம் இடம், ஒரு சாய்வு மேசைப்பெட்டி, ஒரு பெட்டகம். மேலே ஏஜெண்டு, அவருக்குக் கீழே அடுத்தாள், கடைசியில் எடுபிடி வேலைக்குப் பெட்டியடிப் பையன். சமையல் பொது. வாசலில் காவலுக்கு ஜாகா. திகில் கதைக்கு இவ்வளவு தயாராக இருக்கும் இடத்தை விட்டுவிட்டு ஐரோப்பிய மாளிகைக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை.

கதையை முடிவிலிருந்து எழுதுங்கள்

முதலில் கடைசிப் புதிரை எழுதுங்கள். அதன் விடை, விளையாடுபவர் தன் கையால் செய்ய நேரும் ஒரு காரியமாக இருக்க வேண்டும். வெறும் தகவலாக இருந்தால் போதாது.

வரலாறு கொடுக்கும் சட்டகம் இது: 1941 டிசம்பர் 11 அன்று ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுன் மீது குண்டு வீசின. 19 அன்று ஜப்பானியப் படை தீவுக்குள் வந்தது. இடையில் 11 முதல் 18 வரை சரியாக 8 நாள். தமிழ்க் கணக்கில் அது விஷு வருடம். கார்த்திகையில் தொடங்கி மார்கழியில் முடிகிறது. இந்த எட்டு நாளும் கிட்டங்கிக் கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து பேர் உள்ளே இருக்கிறார்கள்: ஏஜெண்டு, அடுத்தாள், சமையற்காரர், ஜாகா, பெட்டியடிப் பையன். இந்த ஐவரும் நம் கற்பனை.

வீட்டில் இருக்கும் அரிசி 1 மரக்கால். 1 மரக்கால் 8 படி, 1 படி 8 ஆழாக்கு; மொத்தம் 64 ஆழாக்கு. கடையின் கணக்கேடான பேரேட்டில் ஒவ்வொரு நாளும் ஒரே வரி: ‘தலைக்கு 1 உழக்கு’. 1 உழக்கு 2 ஆழாக்கு. ஐந்து பேர் என்றால் நாளைக்கு 10 ஆழாக்கு, ஆறு நாள் போக ஏழாம் நாள் அரிசி போதாது. ஆனால் ஏட்டில் மீதி நாள்தோறும் ஒரே அளவு குறைந்து, எட்டாம் நாள் சுழியில் முடிகிறது. 64-ஐ எட்டு நாளுக்குப் பிரித்தால் நாளைக்கு 8 ஆழாக்கு. அதாவது நான்கு பேர். முதல் நாளிலிருந்தே நான்கு பேர்தான் சாப்பிட்டிருக்கிறார்கள்.

பெயர்கள் ஐந்து இருக்கின்றன. கணக்கு நேராக வேண்டுமானால் விளையாடுபவர் ஒரு பெயரை அடிக்க வேண்டும்.

எந்தப் பெயரை அடித்தாலும் கணக்கு நேராகிவிடும். விளையாட்டின் உயிர் இதில்தான் இருக்கிறது, ஆகவே ‘சரியான’ பெயர் ஒன்றை வைத்துக் கெடுத்துவிடாதீர்கள். செலவும் குறைவு. ஐவருக்கும் ஒவ்வோர் ஒலி கொடுத்துவிடுங்கள்: ஏஜெண்டின் இருமல், அடுத்தாளின் பேனா முள் கீறுவது, சமையற்காரரின் ஆட்டுக்கல், ஜாகாவின் தடி, பையன் மாடிப்படியில் ஓடும் காலடி. எந்தப் பெயர் அடிபடுகிறதோ அந்த ஒலி மட்டும் நின்றுபோகிறது. ஐந்து முடிவுகளுக்கு ஐந்து ஒலிக்கோப்பு போதும்; புதிதாக ஒரு படம்கூட வரைய வேண்டாம்.

இங்கே ஒரு ஓட்டை உண்டு. ‘தலைக்கு 1 உழக்கு’ என்ற வரி இல்லாவிட்டால், ‘எல்லோரும் கொஞ்சம் குறைத்துச் சாப்பிட்டார்கள்’ என்று விளையாடுபவர் சொல்லிவிடலாம். அதுவும் சரியான விடைதான். ஆகவே அந்த வரியை எட்டு நாளும் எழுதிக் காட்டுங்கள். ஒருமுறை எழுதிவிட்டு மற்ற நாளுக்கு ‘மேற்படி’ போட்டு விட்டால் பாதிப் பேர் கவனிக்க மாட்டார்கள்.

பின்னோக்கி மூன்று புதிர்கள்

கடைசிப் புதிருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? தமிழ் எண்கள், முகத்தலளவை, ஐந்து பெயர்கள். ஒவ்வொன்றையும் கற்றுத்தர ஒரு புதிர். ஒரு தாளில் கடைசிப் புதிரை வலது ஓரத்தில் எழுதி, அதற்குத் தேவையானவற்றை இடப்பக்கம் கோடிழுத்து இணைத்துக்கொண்டே வாருங்கள். ஒரே நேரத்தில் திறந்திருக்கும் புதிர் இரண்டுக்கு மேல் போனால் விளையாடுபவர் துப்புகளைக் குழப்பிக்கொள்வார். ஒன்று மட்டும் இருந்தால் மாட்டிக்கொண்டபோது வேறு பக்கம் போக வழியில்லை. இரண்டுதான் நல்ல எண்ணிக்கை.

பெட்டகப் பூட்டு. பெட்டக மூடியில் கடை விலாசம், அதாவது கடைப் பெயரின் முதலெழுத்துகள்: ‘உ. எ. அ.’ தமிழ் எண்ணில் ௨ பார்க்க உ மாதிரி, ௭ எ மாதிரி, ௮ அ மாதிரி. ஆகவே பூட்டு எண் 278. இதை யாரும் சும்மா கண்டுபிடிக்க மாட்டார்கள். முதலில் எண்களைக் கற்றுத்தர வேண்டும். பேரேட்டின் பக்க எண்களே பாடம். பக்கத்தைப் புரட்டப் புரட்ட ௧, ௨, ௩ என்று வரிசையாக வருவதைப் பார்ப்பவர் எண்ணிக்கொள்வார். பத்துப் பக்கமாவது புரட்ட விடுங்கள். 278-ஐப் பழைய முறையில் ௨௱௭௰௮ என்றும் எழுதலாம், ஆனால் நூறு, பத்துக் குறிகளை இந்தப் பூட்டில் நுழைக்காதீர்கள். ஒரு புதிரில் ஒரு புதுச் சங்கதி போதும்.

இந்தப் பூட்டில் எல்லோரும் விழும் பள்ளம் பிள்ளையார் சுழி. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் உ இருக்கும். அதை 2 என்று எடுத்துக்கொண்டு தவறான வழியில் போவார்கள். தலைப்புச் சுழியைக் குங்கும நிறத்திலும் பக்க எண்ணைக் கறுப்பிலும் போட்டுப் பிரித்துவிடுங்கள். அப்படிப் பிரித்த பிறகு அந்தச் சுழி வேறொரு வேலைக்கு உதவும்: அரிசிக் கணக்குப் பக்கத்தில் மட்டும் பிள்ளையார் சுழி இருக்கக் கூடாது. அதைப் பற்றி விளையாட்டில் ஒரு வார்த்தை வரக் கூடாது. தமிழ் வீட்டில் வளர்ந்தவர் கண்ணில் அது படும், வயிற்றைப் பிசையும். படாதவருக்கு நஷ்டமில்லை.

அளவைப் பாத்திரங்கள். சமையலறையில் ஆழாக்கு, உழக்கு, உரி, படி நான்கும் இருக்கட்டும். ஒன்றில் அரிசி மொண்டு இன்னொன்றில் ஊற்றினால் இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி என்று நிறைய வேண்டும். விடை என்று தனியாக ஒன்று வேண்டாம். சரியாக ஒரு மரக்காலை நிரப்பியதும், அரிசி மொண்ட பானையின் அடியில் கிடந்த பேரேட்டுச் சாவி தெரியட்டும். உழக்கு என்ற சொல்லையே கேள்விப்படாத இளைஞர்கள் நிறைய. அவர்களுக்கு இந்த அறை கட்டாயம்.

மேற்படிப் பக்கம். தமிழ்க் கணக்கில் ௸ என்றால் மேற்படி, ௶ என்றால் பற்று, ௷ என்றால் வரவு. ஒரு பக்கம் முழுக்க ௸ ௸ ௸ என்று இறங்குகிறது, யாருடைய கணக்கு என்று தெரிய பக்கத்தின் தலைக்குப் போக வேண்டும், தலை கிழிந்திருக்கிறது. கிழிந்த துண்டுகள் ஐந்து, வீட்டில் ஐந்து இடத்தில். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். துண்டை எடுத்த அந்த நொடியிலிருந்துதான் அவருடைய ஒலி வீட்டில் கேட்கத் தொடங்க வேண்டும். அதற்கு முன் வீடு அமைதி. பெயரும் ஒலியும் விளையாடுபவர் மனதில் இப்படித்தான் ஒட்டும், பின்னால் பிய்க்கும்போது வலிக்கும்.

வீட்டின் அமைப்பு

ஜார்ஜ்டவுன் கடைவீடு குறுகலாக, ஆழமாகப் போகும். முன்னால் ஐந்தடிப் பாதை என்ற கூரையிட்ட நடைபாதை, பிறகு கூடம், நடுவில் வானம் பார்த்த முற்றம், பின்னால் சமையலறை, மரப்படி ஏறினால் மாடி. ஐந்தடிப் பாதையைத் தொடக்கக் காட்சிக்கு மட்டும் வைத்துக்கொண்டு, கூடம், முற்றம், சமையலறை, மாடி என்று நான்கு அறையாக்குங்கள். சில வீடுகளில் மாடித் தரையில், வாசலுக்கு நேர் மேலே, ஒரு சின்னத் துளை இருக்கும். கீழே கதவைத் தட்டுவது யார் என்று பார்க்க. அந்தத் துளையை விடாதீர்கள். ஒவ்வொரு புதிர் தீர்ந்ததும் அதன் வழியாகத் தெரியும் காட்சி கொஞ்சம் மாறட்டும். முதலில் வெறும் தரை, பிறகு ஒரு செருப்பு, பிறகு இரண்டு.

உண்மையான வீட்டின் படத்தை அப்படியே வரைவதும், உண்மையான குடும்பத்தின் விலாசத்தை வைப்பதும் வேண்டாம். அந்தக் குடும்பங்கள் இன்றும் ஊரில் இருக்கின்றன. தைப்பூச வெள்ளி ரதம் புறப்படும் கோவில் வீடும் லெபோ பினாங்கில்தான் இருக்கிறது, அதைத் திகிலுக்கு இழுக்கக் கூடாது. கோயில் மணியையோ பள்ளிவாசல் பாங்கையோ பயமுறுத்தும் ஒலியாகப் பயன்படுத்துவதும் அப்படித்தான். மலேசியாவில் மதம் சார்ந்த விஷயத்தில் சிக்கல் வரும் என்பது ஒருபுறம். கலையாகவும் அது சோம்பேறித்தனம்.

கோடாட்டில் கட்டுவது

கோடாட் (Godot) என்பது விளையாட்டு உருவாக்கும் மென்பொருள். இலவசம், எம்ஐடி உரிமம், விற்றாலும் பங்கு கேட்காது. ஆனால் 4-ஆம் பதிப்பு வரிசையைத்தான் எடுக்க வேண்டும். 3-ஆம் பதிப்பில் தமிழ் எழுத்துகள் ஒழுங்காகச் சேராது. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 4-இல் எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் ஹார்ஃப்பஸ் உள்ளேயே இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை.

திரை அளவை 1280×720 வைத்து, படத்தைத் திரைக்கேற்ப நீட்டும் ஸ்ட்ரெச் மோடை ‘கேன்வாஸ் ஐட்டம்ஸ்’ ஆக்குங்கள். ஒவ்வோர் அறையும் தனிக் காட்சி. எல்லா அறைக்கும் பொதுவான நிலையை ஓர் ஆட்டோலோட் ஸ்கிரிப்டில் (விளையாட்டு முழுதும் ஓடிக்கொண்டே இருக்கும் நிரல்), ஒரே டிக்‌ஷனரியில் வையுங்கள்: பெட்டகம் திறந்ததா, எந்தெந்தத் துண்டு கையில், எந்தப் பெயர் அடிபட்டது. அறை திறக்கும்போது அந்த டிக்‌ஷனரியைப் பார்த்துத் தன்னை அமைத்துக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாதவர்களுக்கு வரும் வழக்கமான பிழை: எடுத்த பொருள், அறையை விட்டுப் போய்த் திரும்பினால் மறுபடி அங்கேயே கிடக்கும். பொருளை மறைப்பதற்கு முன் நிலையை மாற்றுங்கள். நிலை மாறியதும் யூசர் கோப்புறையில் ஜேசன் கோப்பாகச் சேமியுங்கள். விளையாடுபவரைச் சேமிக்கச் சொல்லிக் கேட்க வேண்டாம்.

பேரேட்டை, குறிகளோடு எழுத்தைக் காட்டும் ரிச் டெக்ஸ்ட் லேபிளில் செய்யலாம். பெயர்களை யூஆர்எல் குறிக்குள் போட்டால் தொட்டதும் ‘மெட்டா கிளிக்ட்’ சமிக்ஞை வரும். அடித்தல் கோட்டுக்கு எஸ் குறி இருக்கிறது, ஆனால் கடைசிக் காட்சிக்கு அதைப் பயன்படுத்தாதீர்கள். ஒரு தொடுகையில் பெயர் அடிபட்டால் அது பொத்தான் அழுத்திய மாதிரிதான் இருக்கும். கோடு வரையும் லைன்2டி வைத்து, விரலோ மவுஸோ பெயரின் மேல் இழுக்க இழுக்கக் கோடு வளரட்டும். பாதியில் கையை எடுத்தால் கோடு மெல்லப் பின்வாங்கட்டும். முழுதாக இழுக்க மூன்று வினாடியாவது ஆக வேண்டும். அந்த மூன்று வினாடியும் அவருடைய ஒலி மட்டும் கேட்கட்டும்.

தமிழ் எழுத்தில் வரும் சிக்கல்கள்

எழுத்து ஒவ்வொன்றாகத் தோன்றும் விளைவு வைத்தால் ‘கொடு’ என்பது முதலில் ‘க’ என்று வந்து, பிறகு ‘கொ’ ஆகி எழுத்து தள்ளிப்போகும். திரை நடுங்குவது மாதிரி அசிங்கமாகத் தெரியும். லேபிளில் ‘விசிபிள் கேரக்டர்ஸ் பிஹேவியர்’ என்ற அமைப்பை ‘ஆஃப்டர் ஷேப்பிங்’ என்று மாற்றினால் சரியாகும்.

விடையைத் தமிழில் தட்டச்சு செய்யச் சொல்லாதீர்கள். நம்மவர் பலர் கைப்பேசியில் ஆங்கில எழுத்தில்தான் தமிழ் அடிக்கிறார்கள். போதாததற்கு ‘கொ’ என்பதை க-வோடு ொ சேர்த்தும் எழுதலாம், ெ, ா இரண்டையும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. ஒப்பிட்டால் தவறு என்று சொல்லிவிடும். கட்டாயம் தட்டச்சு வேண்டும் என்றால், ஒப்பிடும் முன் பிரிந்த வடிவங்களைச் சேர்ந்த வடிவமாக மாற்றிவிடுங்கள். எழுத்துச் சக்கரத்தைச் சுழற்ற விடுவது அதைவிட எளிது.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் நல்லது. ௶, ௷, ௸ உட்பட எல்லாக் குறிகளும் அதில் இருக்கின்றன. முந்திரி, காணி, மா போன்ற பின்னக் குறிகள் யூனிகோடில் 2019-இல்தான் தனிப் பகுதியாகச் சேர்ந்தன, பெரும்பாலான எழுத்துருக்களில் இல்லை. அவை வேண்டுமென்றால் படமாக வரைந்துவிடுங்கள். 720 உயரத் திரையில் எழுத்து 28-க்குக் கீழே போனால் ‘ணு’, ‘னு’ வித்தியாசம் கைப்பேசியில் தெரியாது.

மலாயும் ஆங்கிலமும் சேர்ப்பதாக இருந்தால் முதல் நாளிலிருந்தே எல்லா வாசகத்தையும் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்பில் வையுங்கள். கோப்பு யூடிஎஃப்-8 ஆக, தொடக்கத்தில் பிஓஎம் என்ற மறைகுறி இல்லாமல் இருக்க வேண்டும். எக்செல் அந்தக் குறியைத் தானாகச் சேர்த்துவிடும். லிப்ரே ஆபிஸில் சேமித்தால் தொல்லை இல்லை.

இருட்டும் ஒலியும்

கேன்வாஸ் மாடுலேட் வைத்து அறையை இருட்டாக்கி, பாயின்ட் லைட் 2டி-யால் விளக்கு வையுங்கள். விளக்கின் எனர்ஜி 0.85-க்கும் 1.05-க்கும் இடையில் அலையட்டும். அதற்கு மேல் ஆடினால் டிஸ்கோ. கணினித் திரையில் அழகாகத் தெரியும் இருட்டு, விலை குறைந்த கைப்பேசியைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால் வெறும் கறுப்பு. துப்பு இருக்கும் இடம் எதுவும் விளக்கு எட்டாத மூலையில் இருக்கக் கூடாது. இருட்டு புதிரின் பகுதியாக ஆகிவிட்டால் அது துப்பை ஒளிப்பது, பயம் அல்ல.

ஒலியில்தான் பாதி வேலை இருக்கிறது. பின்னணிக்கு மழை, ஓட்டில் சொட்டும் நீர், தெருவில் தூரத்துச் சைக்கிள் மணி. இவற்றைத் தனிப் பஸ்ஸில் (ஒலித்தடம்) போட்டு, கூர்மையான ஒலிகளை வடிகட்டும் லோ பாஸ் ஃபில்டரை அதில் சேருங்கள். புதிர் தீர்ந்ததும் ஃபில்டரை மெல்ல 20,000 ஹெர்ட்ஸிலிருந்து 400-க்கு இறக்கினால் வெளியுலகம் சுவருக்கு அப்பால் போய்விட்ட உணர்வு வரும். ஆறேழு வினாடி அப்படியே விட்டுவிட்டுப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். திடீர் அலறல் விளையாட்டு முழுதும் ஒன்றுக்கு மேல் வேண்டாம். ஒன்றும் இல்லாவிட்டால் இன்னும் நல்லது.

ஐவரின் ஒலியையும் தொடர்ந்து ஓட விடாதீர்கள். 20 முதல் 50 வினாடிக்குள் ஏதோ ஒரு நேரத்தில், வேறு அறையிலிருந்து வருவது போல. நேரம் தெரிந்துவிட்டால் காது பழகிவிடும்.

சோதனை

ஐந்து பேரைப் பக்கத்தில் உட்கார வைத்து விளையாடச் சொல்லி, வாயைத் திறக்காமல் பாருங்கள். இருவராவது தமிழ் படிக்கத் தடுமாறுபவராக இருக்கட்டும். குறிக்க வேண்டியவை இரண்டே: ஒவ்வொரு புதிருக்கும் ஆன நேரம், கையை எடுத்துவிட்டுப் பெருமூச்சு விட்ட இடம். ஒரு புதிரில் நான்கு நிமிடத்துக்கு மேல் எந்த முன்னேற்றமும் இல்லையென்றால் வீடே துப்புக் கொடுக்கட்டும். பெட்டகத்தில் மாட்டிக்கொண்டால் காற்றில் பேரேட்டுப் பக்கம் ஒன்று தானாகப் புரளட்டும். இன்னும் நான்கு நிமிடம் போனால் பையனின் கையெழுத்தில் எண் வரிசை சுவரில் தெரியட்டும். துப்புப் பொத்தான் வைப்பதைவிட இது மேல். உதவி வருகிறது, கூடவே ‘யார் புரட்டியது’ என்ற கேள்வியும் வருகிறது.

கடைசிக் காட்சியில் ஒருவர் சட்டென்று ஒரு பெயரை அடித்துவிட்டுப் போனால் ஒலிகள் அவர் மனதில் ஒட்டவில்லை என்று பொருள். துண்டுகள் கிடைக்கும் இடைவெளியை நீட்டுங்கள். எல்லோரும் ஏஜெண்டையே அடித்தால் அவரைக் கெட்டவராக எழுதிவிட்டீர்கள். அவருக்கு ஒரு நல்ல கடிதம் எழுதிக் கொடுங்கள். எல்லோரும் பையனை விட்டுவைத்தால் அவன் சம்பளத்தை முன்பணமாக வாங்கிவிட்ட ஒரு பற்று வரி சேருங்கள்.

வெளியீடு

முதலில் இட்ச் (itch.io) தளத்தில் இலவசமாகப் போட்டுப் பிழைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் ஒரு விளையாட்டுக்குக் கட்டணம் 100 அமெரிக்க டாலர். விற்பனை 1,000 டாலரைத் தாண்டினால் திரும்பக் கிடைக்கும். கட்டணம் கட்டியதிலிருந்து வெளியிட 30 நாள் காத்திருக்க வேண்டும், ‘விரைவில்’ பக்கம் குறைந்தது இரண்டு வாரம் திறந்திருக்க வேண்டும். தீபாவளிக்கு வெளியிட நினைப்பவர் ஆகஸ்டிலேயே கட்டிவிடுவது நல்லது. மலேசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே வருமானவரி ஒப்பந்தம் இல்லாததால், அமெரிக்காவில் விற்ற பங்கில் 30 விழுக்காடு அங்கேயே பிடித்துக்கொள்வார்கள். மற்ற நாட்டு விற்பனைக்கு அந்தப் பிடித்தம் இல்லை. விலை வைக்கும்போது இதையும் கணக்கில் எடுங்கள்.

ஆண்ட்ராய்டுக்கு கூகுள் பிளேயில் கணக்குத் திறக்க ஒருமுறைக் கட்டணம் 25 டாலர். புதிய தனிநபர் கணக்காக இருந்தால், வெளியிடும் முன் 12 பேர் தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனையில் இருக்க வேண்டும். அந்தப் பன்னிரண்டு பேரை இப்போதே சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். இடையில் ஆள் குறைந்தால் 14 நாளையும் மறுபடி முதலிலிருந்து எண்ண நேரும் என்பதால், இரண்டு மூன்று பேரைக் கூடுதலாகச் சேர்ப்பது பாதுகாப்பு.